வகுப்பு முடிந்து வீட்டுக்கு: சைக்கிளா, பஸ்ஸா, ஓட்டோவா, ஸ்கூட்டியா?

வீட்டில் ஒரு பிள்ளை உயர்தரம் தொடங்கியதும் வன்னியில் ஒரு பேச்சு எழும். மாலை ரியூசன் முடிந்து பிள்ளை எதில் வருவது? அநேகமாக அது காசுக் கணக்கில்தான் முடியும். இல்லாவிட்டால் அந்த வாரம் பேப்பரில் வந்த ஒரு சங்கிலி அறுப்புச் செய்தி முடிவைச் சொல்லிவிடும்: "இனிச் சைக்கிள் வேண்டாம்." இரண்டுமே நல்ல வழி இல்லை என்பது என் எண்ணம். எந்த ஆபத்து எங்கே நிற்கிறது என்று பார்த்து, அதற்கு எது பொருந்துகிறது என்று தெரிவு செய்வதற்காகவே இந்த ஒப்பீடு. வவுனியா, கிளிநொச்சி நகரங்களையும் அவற்றைச் சுற்றி 15 கிலோமீற்றருக்குள் இருக்கிற ஊர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கத்தவர்கள் தங்கள் தூரங்களைப் போட்டு வாசியுங்கள்.

முதலில், பறிப்பவன் எப்படி வருகிறான் என்று பார்ப்போம். இரண்டு பேர், ஒரு மோட்டார் சைக்கிள். ஒருவன் ஓட்டுவான், பின்னால் இருப்பவன் கையை நீட்டுவான். அவர்களுக்குத் தப்பி ஓட நேரான றோட்டு வேண்டும், பக்கத்தில் திரும்ப ஒரு ஒழுங்கை வேண்டும், எதிரே கையில் போனோடு தனியாக நிற்கிற ஒரு ஆள் வேண்டும். அதனால் காட்டுக்குள்ளேயே நடக்கும் என்று நினைக்கக் கூடாது. பிரதான வீதியில், சந்திக்குக் கொஞ்சம் தள்ளி, நேரம் பட்டப்பகலாக இருந்தாலும் நடக்கும். தொந்தரவு செய்கிறவன் வேறு ஆள். அவன் நெரிசலான பஸ்ஸிலும், பஸ் நிலையத்திலும், சாராயக்கடை வாசலிலும், மதகுக் கட்டில் குந்தியிருக்கிற கூட்டத்திலும் இருப்பான். பின்தொடர்கிறவன் மூன்றாவது வகை. பெரிய றோட்டில் அவன் ஒன்றும் செய்ய மாட்டான். பிள்ளை ஒழுங்கைக்குள் திரும்பும் வரை காத்திருப்பான்.

இருட்டை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. 2015 மே மாதம் புங்குடுதீவில் கொல்லப்பட்ட மாணவி காலையில் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட பிள்ளை. அந்த வழக்கில் 2017 செப்ரெம்பரில் ஏழு பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அது தீவுப்பக்கம், வன்னி இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் பற்றைக்காணி, நடுவில் தனி வழி என்றால் அது இங்கேயும் எத்தனையோ ஊர்களில் அப்படியே இருக்கிறது. காணிச் சொந்தக்காரர் கனடாவிலோ கொழும்பிலோ இருப்பார். காணி வேலி இல்லாமல் பற்றை பிடித்துப்போய்க் கிடக்கும்.

ஆகவே பயணத்தை நான் மூன்று துண்டாகப் பார்க்கிறேன்: காத்து நிற்கிற இடம், ஓடுகிற தூரம், பெரிய றோட்டிலிருந்து வீட்டு வாசல் வரையான கடைசித் துண்டு. எந்த வாகனம் நல்லது என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் நடுத்துண்டை மட்டும்தான் யோசிக்கிறார்கள். தொல்லை அதிகம் முதலாவதிலும் மூன்றாவதிலும்தான்.

வாகனத்துக்கு வர முன் செலவே இல்லாத ஒரு தெரிவைச் சொல்லிவிடுகிறேன். வகுப்பு நேரத்தை மாற்றுவது. வவுனியாவில் யூலை மாதம் சூரியன் மறைய 6.30 ஆகும். நவம்பரில் 5.45க்கே மறைந்துவிடும். அந்த முக்கால் மணித்தியால வித்தியாசத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதோடு 2024, 2025 ஆண்டுகளில் உயர்தரப் பரீட்சை நவம்பர், டிசம்பரை ஒட்டி நடந்தது. அப்படி நடக்கிற ஆண்டில் மேலதிக வகுப்புகள் உச்சத்தில் ஓடுவது நேரத்தோடு இருட்டுகிற, மாரி மழை கொட்டுகிற அதே கிழமைகளில்தான். யூனில் சைக்கிளில் வர முடிந்த பிள்ளைக்கு நவம்பரில் அதே வழி வேறு வழியாகிவிடும். பத்துப் பெற்றோர் சேர்ந்து போய், "சேர், ஒக்ரோபரிலயிருந்து வகுப்பை ஐந்தரைக்கு முடியுங்கோ, மிச்சத்தைச் சனிக்கிழமை காலமை வைக்கலாம்" என்று கேட்டால் பல ஆசிரியர்கள் இணங்குவார்கள். ஒருவர் தனியாகக் கேட்டால் காரியம் நடக்காது.

சரி, சைக்கிள். எனக்குச் சைக்கிளில் ஒரு பிரியம் உண்டு, அதை மறைக்கவில்லை. 2022இல் பெற்றோல் வரிசையில் நாடே நின்றபோது சைக்கிள் வைத்திருந்தவர்கள்தான் நிம்மதியாகப் போய் வந்தார்கள். பாதுகாப்புப் பக்கம் பார்த்தால், காத்து நிற்கிற முதல் துண்டு சைக்கிளில் இல்லவே இல்லை. வகுப்பு முடிந்ததும் புறப்படலாம், வீட்டு வாசல் வரை போகலாம். பின்தொடர்கிறவனுக்குப் பிடி கொடுக்காமல் ஒரு கடைக்கோ தெரிந்த வீட்டுக்கோ சட்டென்று திருப்பலாம்.

ஆனால் தனிச் சைக்கிளுக்கும் கூட்டச் சைக்கிளுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். மூன்று நான்கு பேர் சேர்ந்து வந்தால் மோட்டார் சைக்கிளில் வருகிறவன் பெரும்பாலும் பார்த்துவிட்டுப் போய்விடுவான். இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. நெளுக்குளம் பக்கம் ஐந்து பிள்ளைகள் சேர்ந்து புறப்பட்டால் ஒவ்வொருவராகத் தங்கள் ஒழுங்கையில் திரும்புவார்கள். கடைசிப் பிள்ளை மிச்சத் தூரம் தனியாகத்தான் போகும். கூட்டத்தில் வருகிறாள் என்று வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள். உண்மையில் அதிகத் தூரம் தனியே போவது அந்தப் பிள்ளைதான். ஆகவே கூட்டம் சேரும்போதே கடைசி ஆள் யார் என்று கேட்டு வையுங்கள். அந்தப் பிள்ளையின் வீட்டார் ஒழுங்கை முகப்புக்கு வந்து நிற்க வேண்டும். முடியாவிட்டால், கடைசி இரண்டு பேரில் ஒருவர் ஆண் பிள்ளையாகவோ கிட்டத்து வீட்டுப் பிள்ளையாகவோ இருக்கிற மாதிரிக் கூட்டத்தை அமைக்க வேண்டும்.

இன்னும் சில சில்லறை விடயங்கள். முன் கூடையில் புத்தகப் பை வைப்பது பறிப்பவனுக்குத் தட்டில் வைத்துக் கொடுப்பது. பை முதுகில் இருக்கட்டும், போன் பையின் அடியில் இருக்கட்டும். காதில் பாட்டு வேண்டாம், பின்னால் வருகிற மோட்டார் சைக்கிளின் சத்தம்தான் உங்களுடைய எச்சரிக்கை மணி. அந்தக் காலத்துச் சைக்கிளில் டைனமோ இருந்தது. இப்போது வருகிற பலவற்றில் வெளிச்சமே இல்லை. சின்ன பற்றரி லைற் ஒன்றை முன்னுக்கும் சிவப்பு ஒன்றைப் பின்னுக்கும் பூட்டுங்கள். கள்ளனுக்காக மட்டும் இல்லை. ஏ9 வீதியில் கொழும்புக்குப் பறக்கிற பஸ்களின் சாரதிகளுக்கு நீங்கள் தெரிய வேண்டும்.

சைக்கிளின் எல்லை 4, 5 கிலோமீற்றர். அதற்கு மேல் களைப்பும் இருட்டும் சேர்ந்துவிடும். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், செட்டிகுளம் பக்கங்களில் யானை வருகிற வழி என்றால் சைக்கிள் பேச்சையே விட்டுவிடுங்கள்.

பஸ் மலிவு. மாணவர் சீசன் ரிக்கற் எடுத்தால் இன்னும் மலிவு. ஓடுகிற தூரத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், வெளிச்சம் இருக்கிறது, பறித்துக்கொண்டு ஓட வழி இல்லை. ஆனால் பஸ்ஸுக்கென்று வேறு ஒரு நோய் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015இல் இலங்கை முழுவதும் எடுத்த ஆய்வில், பஸ்ஸிலும் ரயிலிலும் பாலியல் தொந்தரவைச் சந்தித்ததாகச் சொன்ன பெண்கள் 90 சதவீதம். பொலிஸ் உதவியை நாடியவர்கள் 4 சதவீதம் மட்டும். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செய்கிறவனுக்கு ஏன் பயமில்லை என்று விளங்கும். இது தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் 5 ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம் என்று பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிற எத்தனை பேருக்குத் தெரியும்?

உரத்துச் சொல்லுங்கள் என்று எல்லோரும் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிறார்கள். 17 வயதுப் பிள்ளைக்கு அது அவ்வளவு சுலபம் இல்லை. "அண்ணை, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ" என்ற ஒரு வசனத்தைப் பழக்கிவைத்தால் அது வாயில் வரும். ஊர் பஸ் என்றால் கொண்டக்டருக்குப் பிள்ளையைத் தெரியும், அது பெரிய பலம். தூரப் பயண பஸ்ஸில் குறுந்தூரத்துக்கு ஏறினால் அந்தப் பலம் இல்லை, மறித்த இடத்தில் நிற்கும் என்ற உறுதியும் இல்லை.

பஸ்ஸின் உண்மையான பலவீனம் காத்து நிற்பதும் இறங்கிய பிறகும். உள்ளூர்களுக்குப் போகிற கடைசி பஸ் பல இடங்களில் வெள்ளெனவே போய்விடும். வகுப்பு பத்து நிமிடம் இழுபட்டால் பிள்ளை பஸ் நிலையத்தில் தனியாக, அடுத்தது வருமா வராதா என்று தெரியாமல் நிற்கும். இதை யோசிக்காமல் பஸ்தான் பாதுகாப்பு என்று தீர்மானிக்கிற பெற்றோரைக் கண்டிருக்கிறேன். ஆசிரியருக்குக் கடைசி பஸ் நேரத்தைச் சொல்லிவைப்பதும், "பிந்தினால் நான் எழும்பிப் போவன்" என்று அனுமதி எடுத்துவைப்பதும் பிள்ளையின் வேலை இல்லை, பெற்றோரின் வேலை. இறங்குகிற இடத்தில் ஒரு கடை திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கரடிப்போக்குச் சந்தி மாதிரி ஆட்கள் நடமாடுகிற இடத்தில் இறங்குவதும், மரத்தடியில் ஒரு தரிப்பிடப் பலகை மட்டும் இருக்கிற இடத்தில் இறங்குவதும் ஒன்றில்லை. சில வேளை வீட்டுக்குக் கிட்டிய தரிப்பிடத்தை விட்டு ஒன்று முந்தி, கடை வெளிச்சத்தில் இறங்கி அங்கே நின்று வீட்டாரைக் கூப்பிடுவது நல்லது.

ஓட்டோவைப் பற்றி ஊரில் பயப்படுகிறவர்கள் பலர், கண்ணை மூடி நம்புகிறவர்களும் பலர். பயப்பட வேண்டியது வழியில் மறித்து ஏறுகிற தெரியாத ஓட்டோவுக்கு. மாதக் காசுக்குப் பேசிய, ஊருக்குள்ளேயே இருக்கிற ஓட்டோ வேறு. அவருடைய வீடு தெரியும், பிள்ளைகள் தெரியும், கோயில் திருவிழாவில் முகம் பார்க்க வேண்டும். அந்த முகத்துக்கு அஞ்சுவது கமராவைவிடப் பெரிய காவல். மூன்று பிள்ளைகள் சேர்ந்தால் காசும் தாங்கும். ஆனால் சைக்கிள் கூட்டத்தில் சொன்ன கடைசிப் பிள்ளைச் சிக்கல் இங்கேயும் உண்டு. ஒவ்வொருவராக இறக்கிய பிறகு கடைசியாக ஒரு பிள்ளை மட்டும் ஓட்டோவில் இருக்கும். அந்த இடம் எந்தப் பிள்ளைக்கு என்று யோசித்து வழியைப் போடுங்கள். அவருக்கு வர முடியாத நாளில் வேறு யாரை அனுப்புவார் என்பதையும் முதலே கேளுங்கள். "தம்பி ஒருத்தனை அனுப்புறன்" என்ற பதில் போதாது, பெயரும் வண்டி இலக்கமும் வேண்டும்.

தவிர்க்க முடியாமல் தெரியாத ஓட்டோவில் ஏறினால் தரிப்பிடத்தில் நிற்கிற வண்டியில் ஏறுங்கள், ஓடிக்கொண்டு போகிறதை மறிக்காதீர்கள். மீற்றர் போட்டு ஓடுவது இங்கே பெரிதாக வழக்கம் இல்லை. காசை ஏற முன்பே பேசுங்கள். இலக்கத்தை அம்மாவுக்கு அனுப்பிவிட்டு, சாரதிக்குக் கேட்கும்படி போனில் கதையுங்கள்: "அம்மா, இப்ப குருமன்காடு தாண்டிட்டம், இன்னும் பத்து நிமிசம்." அம்மா எடுக்காவிட்டாலும் கதையுங்கள்.

ஸ்கூட்டிக்கு இப்போது பெரிய மவுசு. காத்து நிற்க வேண்டாம், வாசல் வரை போகலாம், பின்தொடர்கிறவனை விட்டு விலகலாம். மூன்று துண்டிலும் நல்ல புள்ளி. ஆனாலும் உயர்தர மாணவிக்கு நான் இதைக் கடைசியாகத்தான் வைப்பேன். 18 வயது ஆகாமல் லைசன்ஸ் இல்லை, உயர்தரப் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு அந்த வயது ஆகியிருக்காது. லைசன்ஸ் இல்லாத பிள்ளைக்கு வழியில் ஏதாவது நடந்தால் பொலிஸுக்குப் போகவே தயங்கும். விபத்து என்றால் காப்புறுதியும் கைவிடும். அடுத்தது சங்கிலி. நடந்து போகிறவளின் கழுத்தில் அறுத்தால் சங்கிலி போகும். 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறவளின் கழுத்தில் இழுத்தால் ஆளே விழும். ஸ்கூட்டி ஓடுகிற அம்மாமாருக்கும் இது பொருந்தும்: சங்கிலியைக் கழற்றி வைக்க மனம் வராவிட்டால் யக்கற்றுக்கு உள்ளே விடுங்கள், கைப்பையைத் தோளில் போடாமல் இருக்கைக்கு அடியில் வையுங்கள்.

அப்புறம் மாடு. மாரியில் தரை ஈரம் என்றால் கட்டாக்காலி மாடுகள் தார் றோட்டில் வந்து படுத்துவிடும். கறுப்பு மாடு, கறுப்பு றோட்டு, எதிரே வருகிற லொறியின் வெளிச்சம். இலங்கையில் ஆண்டுக்கு 2000க்கு மேற்பட்டோர் வீதி விபத்தில் சாகிறார்கள். அதில் மோட்டார் சைக்கிள்காரர்களின் பங்குதான் பெரியது. கள்ளனுக்குப் பயந்து ஸ்கூட்டி வாங்கிக் கொடுக்கிற வீட்டார் இந்தக் கணக்கையும் தராசில் போட வேண்டும். 18 தாண்டி, லைசன்ஸ் எடுத்து, வேலைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போகிறவளுக்கு ஸ்கூட்டி நல்ல தெரிவு. அவளுக்கு நான் தடை சொல்ல மாட்டேன்.

"இதெல்லாம் எதற்கு, அப்பா போய் ஏற்றிக்கொண்டு வரலாமே" என்று கேட்கலாம். வன்னியில் எத்தனை வீட்டில் அப்பா இருக்கிறார்? போரில் கணவனை இழந்தவர்களும், காணாமல் ஆக்கப்பட்டவருக்காகக் காத்திருப்பவர்களும் தலைமை தாங்குகிற குடும்பங்கள் இங்கே ஏராளம். அந்தத் தாய் ஆறு மணிக்குத்தான் வேலையிலிருந்து வருவார், வீட்டில் சின்னப் பிள்ளைகளும் இருக்கும். அவரைப் பார்த்து "நீங்கள் போய்க் கூட்டி வாருங்கள்" என்று சொல்வது ஆலோசனை இல்லை. ஒழுங்கையில் உள்ள நான்கு வீடுகள் முறை வைத்து, ஒரு நாளைக்கு ஒருவர் ரோர்ச்சோடு முகப்பில் நின்று வருகிற பிள்ளைகள் எல்லோரையும் கூட்டி வரலாம். கடைசித் துண்டுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. வீதி விளக்குக்குப் பிரதேச சபையிடம் எழுதிக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பூட்டிய விளக்குகளில் எத்தனை எரிகின்றன என்று உங்கள் ஒழுங்கையையே பாருங்கள்.

"அந்த நாளில பொம்பிளைப் பிள்ளையள் சாமத்திலயும் தனியப் போய் வந்தவை" என்று கிளிநொச்சியில் யாராவது ஒரு பெரியவர் கட்டாயம் சொல்வார். அவர் சொல்கிற அந்தப் போர்க் காலத்துக்கு வேறு பயங்கள் இருந்தன. ஆட்சேர்ப்புக்குப் பயந்து பிள்ளையை வீட்டில் ஒளித்துவைத்த தாய்மாரும் அதே ஊரில்தான் இருந்தார்கள். இன்றைக்கு வீடு வந்து சேர அந்தக் கதை உதவாது.

ஆண் பிள்ளைகளைப் பற்றி யாரும் இப்படி ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. "அவன் பொடியன்தானே" என்று விட்டுவிடுவார்கள். அவனுக்கு ஆபத்து பெரும்பாலும் தெரியாத கள்ளனிடமிருந்து வருவதில்லை, தெரிந்தவனிடமிருந்து வருகிறது. ரியூசனில் ஒரு பார்வை, போனில் ஒரு கேலிப் பதிவு, சந்தியில் கதைத்துத் தீர்ப்போம் என்று ஒரு அழைப்பு, அங்கே போனால் மோட்டார் சைக்கிளில் வேறு ஆட்கள். யாழ்ப்பாணத்துச் செய்திகளில் வாள்வெட்டு என்று வாசிக்கிற பல சம்பவங்களின் தொடக்கம் இப்படிச் சின்னதுதான். இங்கேயும் அது வராமல் இல்லை. மகனுக்கு வாகனத்தைவிட இரண்டு பழக்கம் முக்கியம்: கதைத்துத் தீர்க்கிற இடம் சந்தி இல்லை, இன்னொருவன் தந்த பார்சலைக் கொண்டுபோய்க் கொடுப்பது உதவி இல்லை. ஐஸ் என்கிற போதைப்பொருளோ கஞ்சாவோ விற்கிறவன் தானே சுமப்பதில்லை, லைசன்ஸ் கூட இல்லாத பொடியனைத்தான் பார்க்கிறான். பையில் கத்தி வைத்துக்கொண்டால் காவல் என்று நினைக்கிற பிள்ளைகளும் உண்டு. சண்டை நடந்தால் அந்தக் கத்தி யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. பொலிஸ் சோதனையில் அகப்பட்டால் கதை முடிந்தது. அவனுக்கும் கூட்டச் சைக்கிள்தான் நல்லது. ஆனால் வழியில் நிற்காத கூட்டம்.

வெளியூரிலிருந்து வந்து பம்பைமடுவிலுள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ கிளிநொச்சி அறிவியல் நகரிலோ படிக்கிறவர்களுக்குத் தெரிவு வேறு: தினமும் போய் வருவதா, போர்டிங்கா? போர்டிங் பார்க்கப் போனால் அறையையும் வாடகையையும் பார்க்கிறோம். அங்கிருந்து பஸ் தரிப்பிடத்துக்கு மாலை ஏழு மணிக்கு ஒரு தடவை நடந்து பாருங்கள். அறை கொஞ்சம் மோசமாக இருந்தாலும் வழி நல்லதாக உள்ள வீட்டை எடுக்கலாம்.

எதில் வந்தாலும் ஒன்று நடந்துவிட்டால்? போனைப் பிடித்து இழுபடாதீர்கள், விடுங்கள். இன்றைக்கே *#06# என்று அழுத்தி வருகிற 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ எண்ணை வீட்டுச் சுவரிலோ கொப்பியிலோ எழுதி வையுங்கள், முறைப்பாட்டுக்கு அது கட்டாயம் தேவை. பொலிஸ் 119, பெண்களுக்கான உதவி 1938, சிறுவர்களுக்கு 1929, அடிபட்டால் இலவச அம்புலன்ஸ் 1990. பொலிஸில் முறைப்பாட்டைத் தமிழில் எழுதும்படி கேட்கலாம். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதற்குக் கையெழுத்து வைக்காதீர்கள். பிள்ளை என்றால் பெண்கள் சிறுவர் பிரிவுக்கு அம்மாவோடு போகட்டும். தனியாகப் போக வேண்டாம்.

என் தெரிவைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். 5 கிலோமீற்றருக்குள், வகுப்பு வெளிச்சத்தோடு முடிகிறது என்றால் கூட்டச் சைக்கிள், மறுபேச்சு இல்லை. வீடு பெரிய றோட்டை ஒட்டி, இறங்குகிற இடத்தில் கடை இருந்தால் பஸ். தூரமும் உள் ஒழுங்கையும் சேர்ந்திருந்தால் மூன்று பிள்ளைகள் சேர்ந்த மாதக் காசு ஓட்டோ, அதற்குப் பணம் இல்லாவிட்டால் பஸ்ஸும் ஒழுங்கையில் முறை வைத்து நிற்கிற ஆளும். ஸ்கூட்டி லைசன்ஸுக்குப் பிறகு. ஒக்ரோபர் வந்தால் சைக்கிள்காரரும் மூன்று மாதத்துக்கு ஓட்டோவுக்கு மாறலாம். அதை ஓகஸ்ட்டிலேயே பேசி வையுங்கள். மாரி தொடங்கிய பிறகு போய்க் கேட்டால் நல்ல ஓட்டோக்காரர்கள் எல்லோருக்கும் பிள்ளைகள் நிரம்பியிருக்கும்.